ஜான்சியின் தாடி

தூக்கத்தைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. படுத்ததும் தூங்குகிறவன் நல்லவன். புரண்டு புரண்டு படுக்கிறவன் மனதில் ஏதோ இருக்கிறது. குறட்டையும் விட்டால் அது உழைத்த உடம்பு என்று சான்றிதழே கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் ஆண்களுக்கு மட்டும்தான். பொம்பளை குறட்டை விட்டால் அதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்ட வேண்டும்.

ஜான்சி விஷயத்தில் இரண்டு கணக்கும் சேர்ந்து குழம்பிப் போயின. கல்யாணமாகிப் புனேயின் ஏரவாடாவில் மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில், மாமியார் மில்ட்ரெட் சர்ச்சில் பார்த்தவர்களிடமெல்லாம் மருமகளின் தூக்கத்தைப் புகழ்ந்தார். "தலகாணியில தல வச்சதும் தூங்கிருதா. மனசுல கள்ளங்கபடு இல்லாதவளுக்குத்தான் இப்படித் தூக்கம் வரும். குடுத்து வச்சவ." குறட்டையைப் பற்றி மட்டும் அவர் வெளியே மூச்சு விடவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் குடும்பம், கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜான்சிக்கும் வெட்கம்தான். சர்ச் பெண்கள் சங்கம் மகாபலேஷ்வருக்கு இரண்டு நாள் கூட்டம் போனால் அவளுக்கு அன்றைக்கென்று பார்த்து வயிறு சரியிருக்காது. சொந்தக்காரர் வீட்டில் இராத் தங்குவதில்லை. எவ்வளவு நேரமானாலும் கணவன் நார்மனை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடுவாள். நார்மன் நல்ல மனிதன், பிம்ப்ரியில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. மனைவியின் குறட்டையை அவன் குறையாகச் சொன்னதே இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அது இல்லாமல் தூக்கம் வராத நிலைக்கு வந்திருந்தான்.

பிறகு அவர்கள் சாங்விக்குக் குடிவந்தார்கள். அங்கேதான் ஜான்சி 'மாவுஷி' ஆனாள்.

நார்மனின் அண்ணன் பள்ளி வேன் ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் குவைத் போகும்போது வேனை விற்கப் பார்த்தார். "விக்காண்டாம் அத்தான், நான் ஓட்டுதேன்" என்றாள் ஜான்சி. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பாணேர் அபார்ட்மென்ட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஔந்தில் பள்ளியில் விட வேண்டும், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த ஊரில் வேன் ஓட்டுகிறவரைப் பிள்ளைகள் 'காகா' என்பார்கள், சித்தப்பா என்று அர்த்தம். ஓட்டுவது பெண்ணாக இருந்தால் என்ன சொல்வது என்று பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஒரு வாண்டு 'மாவுஷி' என்று ஆரம்பித்தது, சின்னம்மா என்று அர்த்தம். அதுவே நிலைத்தது.

வேன் ஓட்டுவதில் அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் செல்லாது. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் அவள் வேனை அப்படியே பூட்டிக்கொண்டு போகமாட்டாள். பின்சீட்டு வரை நடந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் கையால் துழாவிப் பார்ப்பாள். தூங்கிப்போன குழந்தை ஒன்று உள்ளேயே கிடந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம். அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. நடக்காததற்குக் காரணம் அந்தக் கைதான் என்று பெற்றோர்களுக்குத் தெரியும். பாணேரில் அவள் வேனில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவளுக்குப் பகல் தூக்கம் மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்தாலே தலை கனத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் 'அன்பானவர்களே' என்று ஆரம்பிப்பது காதில் விழும், அதற்கடுத்து காதில் விழுவது 'ஆமென்' ஆக இருக்கும். காய் நறுக்கும்போது கண் சொருகும். நாற்பத்தெட்டு வயது, கொஞ்சம் சதை போட்ட உடம்பு, வீட்டு வேலையும் வேன் வேலையும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரத்தம் குறைவு என்று ஒருத்தி சொல்ல, பேரீச்சம்பழமும் டானிக்கும் வீட்டுக்கு வந்தன. வேன் ஓட்டும்போது வாயில் பச்சைமிளகாய் ஒன்றை வைத்துக் கடிக்கப் பழகினாள் ஜான்சி. மிளகாய்க்கும் ஒரு எல்லை உண்டு.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, வழக்கம்போல் சீட்டடியில் துழாவிவிட்டு, காலி வேனுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். பிரேமன் சௌக் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டும் சத்தம். டிராபிக் போலீஸ்காரர் குனிந்து, "தாயி, தப்யேத் டீக் ஆஹே கா?" என்று கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறதா அக்கா என்கிறார். பின்னால் சந்திப்பு முழுக்க ஹாரன். பச்சை விழுந்து, சிவந்து, மறுபடி பச்சை விழுந்திருந்தது.

தலையை ஆட்டிவிட்டு வேனை ஓரங்கட்டினாள். தான் தூங்கிப்போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்தச் சீட்டுகளிலெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. போலீஸ்காரர் மயக்கம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அரை டம்ளர் கட்டிங் டீயைக் குடித்துவிட்டு மத்தியானம் பிள்ளைகளை அழைக்கப் போயிருந்தால் உலகத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது. நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்போம். ஜான்சி நார்மனைக் கூப்பிட்டு அரைநாள் லீவு போடச் சொல்லி, மத்தியானம் அவனை ஓட்ட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளை வீடு சேர்த்தாள்.

"நாளைலருந்து நான் ஓட்டல" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"செரி, ரெஸ்ட் எடு. எல்லாருக்கும் வேன் ரிப்பேர்னு மெசேஜ் போட்டுருவோம்" என்றான் நார்மன்.

"வேனு நல்லாத்தான இருக்கு. நான்தான் ரிப்பேர்."

"அதை அப்படியே போய்ச் சொல்லணுமா, ஏட்டி? நாலு பேரு நாலு விதமா பேசுவாவ."

"பேசட்டும். பிள்ளைய என்னை நம்பி விட்டவியளுக்கு நான் என்னத்த மறைக்க?"

மெசேஜும் போடவில்லை. அன்று சாயங்காலமே பாணேர் போய் வீடு வீடாக ஏறினாள். சிக்னலில் தூங்கிவிட்டேன், வேனில் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் தூங்கியது தூங்கியதுதான், டாக்டரைப் பார்த்துச் சரியாகிற வரை ஓட்டமாட்டேன், வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள். மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் இதையே சொன்னாள். ஒரு வீட்டம்மா தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். ஒரு அப்பா பாதியிலேயே கதவைச் சாத்தினார். மிகவும் கஷ்டமாக இருந்தது வைஷுவின் வீட்டில்தான்.

வைஷு ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவளுடைய ஒரே மகன் பிரணவ் ஜான்சியின் வேனில்தான் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனான். வேனில் தமிழ் பேசுகிற ஆள் இருக்கிறார் என்று தேடி வந்து சேர்த்தவள் அவள். கழுத்தில் ஹெட்போனோடு வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"சிக்னல்ல தூங்குனது இன்னைக்குத்தான் மேடம். அதுக்கு முன்னாடியும் கண்ணு சொருகிருக்கு. அசதின்னு நெனச்சேன். எத்தன நாளுன்னு சரியாச் சொல்லத் தெரியல."

"என் பையன் அந்த வேன்ல இருந்திருக்கான்."

"இருந்தான். அதான் வந்து சொல்லுதேன்."

"உங்களை எவ்வளவு நம்பினேன் தெரியுமா" என்றாள் வைஷு. கதவு மூடிக்கொண்டது.

அன்று இரவே பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் ஜான்சிக்குக் கெட்ட பேர் விழுந்தது. மறுநாள் அவளைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நல்ல பேர் எடுக்க வருஷக்கணக்கில் ஆகிறது, போக ஒரு சாயங்காலம் போதும். ஜான்சி படுத்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே தூங்கியும் போனாள். அதுதானே அவள் வியாதி.

ஔந்தில் தூக்க நோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார், மராத்திக்காரர். "ஜோப் கஷி லாக்தே?" என்று ஆரம்பித்தார், தூக்கம் எப்படி வருகிறது என்று. ஜான்சி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள். காலமெல்லாம் வாங்கிய பாராட்டு அப்படிப் பேச வைத்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நார்மனைப் பார்த்தார். குறட்டை உண்டா? நார்மன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, மனிதன் வெட்கத்தை விட்டு, அந்த ரூமிலேயே அவள் குறட்டையை விட்டுக் காட்டினான். ஏறி, ஏறி, சட்டென்று நின்று, அமைதியாக இருந்து, பிறகு திணறிக்கொண்டு ஒரு பெரிய இழுப்பு.

"அந்த நடுவுல சத்தம் நிக்குதே, அது என்ன?" என்றார் டாக்டர்.

"அது கொஞ்சம் ரெஸ்ட் எடுப்பா சார்" என்றான் நார்மன்.

ரெஸ்ட் இல்லை, மூச்சு நிற்கிறது என்றார் டாக்டர். விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு சின்னக் கருவி கொடுத்தனுப்பினார். அது சொன்ன கதையை அவர் இப்படி விளக்கினார். தூங்கும்போது நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து பின்னால் சரிந்து காற்றுப் போகிற வழியை அடைத்துவிடுகின்றன. மூளை பதறி உடம்பை உலுக்குகிறது, வழி திறக்கிறது, மறுபடி அடைக்கிறது. இராத்திரி முழுக்க இதே கூத்து. உலுக்கியது காலையில் நினைவில் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு அவள் அசந்து தூங்குகிறாள். உள்ளே அவள் உடம்பு தூங்கவே இல்லை.

"இதுக்குப் போயா குடுத்து வச்சவன்னு சொன்னாவ" என்றாள் ஜான்சி, வரும் வழியில். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு மனைவியின் மூச்சு நிற்பதை ரெஸ்ட் என்று நினைத்திருந்தவன் நார்மன். அவனுக்கு அழுகைதான் வந்தது.

முதலில் மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால் அது காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும். முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் நல்ல வழி என்றார் டாக்டர், ஜான்சியும் முரண்டு பிடிக்கவில்லை. விடாமல் மாட்டிக்கொண்டு படுத்தாள். மாஸ்க்கை மாற்றிக் கொடுத்தார்கள், அதையும் மாட்டினாள். காலையில் பார்த்தால் அது தலையணைக்கு அந்தப் பக்கம் கிடக்கும். தூக்கத்தில் அவள் கையே பிடுங்கிப் போட்டுவிடும், அவளுக்கே தெரியாது. குளிர்காலம் முழுவதும் இந்தப் போராட்டம் நடந்தது. கடைசியில் டாக்டர், உங்கள் நோய் நடுத்தரம்தான், பல்லும் ஈறும் உறுதியாக இருக்கின்றன, பல் டாக்டர் ஒருவரிடம் அனுப்புகிறேன், இன்னொரு வழி இருக்கிறது என்றார்.

பல் டாக்டர் பெயர் கரோலின். காண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ப் பெண், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். பேஷண்ட் தமிழ் என்று தெரிந்ததும் ஆசையாகத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். அந்தத் தமிழ் வீட்டுச் சமையலறையைத் தாண்டி அதிகம் வெளியே வராத தமிழ்.

"ஒண்ணும் பயம் வேண்டாம் ஆன்ட்டி. நைட்டு உங்க தாடிய மட்டும் கொஞ்சம் முன்னாடி இழுத்து வைக்கணும்."

ஜான்சியின் கை தன்னாலே முகவாய்க்குப் போனது. நாற்பது தாண்டிய பிறகு அங்கே ஒன்றிரண்டு முடி முளைத்திருந்தது உண்மைதான். அதை டாக்டர் இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துவிட்டாரா? நார்மன் எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

"எந்தத் தாடி டாக்டர்?" என்றாள் மெதுவாக.

"இதான்" என்று கரோலின் தன் கீழ்த்தாடையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். "தாடி இல்லையா இது?"

விஷயம் விளங்கியதும் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தாடை தாடியான கதை ஏரவாடா வரை போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தக் கருவிக்கு அதுதான் பேர். கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேல்பல்லுக்கு அளவெடுத்து ஒரு தட்டு, கீழ்ப்பல்லுக்கு ஒரு தட்டு, இரண்டையும் பக்கவாட்டில் இணைக்கிற சின்னத் துண்டுகள். வாயில் மாட்டிக்கொண்டு படுத்தால் கீழ்த்தாடை ஒரு பொட்டு முன்னால் வந்து நிற்கும். தாடையோடு நாக்கும் வரும், தொண்டையில் வழி திறக்கும். தாடையை ஒரேயடியாக இழுக்கக் கூடாது, வாரங்கள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவர வேண்டும். சரியாக வந்துவிட்டதா என்று கடைசியில் மறுபடி தூக்கப் பரிசோதனை. அதில் நல்லபடியாக வந்தால்தான் ஸ்டியரிங்.

எல்லாம் சுகமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஆரம்பத்தில் எச்சில் வடிந்து தலையணை நனைந்தது. காதோரம் வலித்தது. காலையில் கழற்றினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாதவர்கள் போல் விலகி நிற்கும், ஒரு வாய் இட்லிகூட மெல்ல வராது. அதைச் சரிக்கட்ட கரோலின் ஒரு சின்னக் கட்டையும் பயிற்சியும் கொடுத்திருந்தார். ஜான்சி அடுப்பில் டீ கொதிக்கும் வரை அதைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் பேச முடியாது. நார்மன் தன் மனதில் உள்ளதையெல்லாம் அப்போது சொல்லிவிடுவான்.

மாமியார் போனில் கேட்பார், "ஏட்டி, தாடி பழகிட்டா?" பழகியது. முதல் மாதத்திலேயே ஒரு காலையில் நார்மன் கண்கள் சிவந்து எழுந்து வந்தான். "ராத்திரி பூரா சத்தமே இல்ல. பயந்துபோய் மூக்குல கை வச்சு வச்சுப் பாத்தேன்" என்றான். அன்று ஜான்சிக்குத் தலை கனக்கவில்லை. தன் தலை இவ்வளவு லேசானது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பகலில் ஒரு முறைகூட அவள் கண் சொருகவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுவதையும் கேட்டாள், அது அவ்வளவு நன்றாக இல்லை என்றும் சொன்னாள்.

ஜூனில் பள்ளி திறக்கும். அதற்கு முன் பரிசோதனை முடிந்துவிடும் என்று கணக்கு. தண்ணீர் கொடுத்த அந்த வீட்டம்மாவும் இன்னும் இரண்டு குடும்பங்களும், நீங்கள் ஓட்டினால் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நார்மனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. ஊரில் மஞ்சள்காமாலை என்று பேப்பரில் போட்டிருந்தது. வாயில் வைக்கிற சாமானை வெறும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதா என்று நினைத்தான். இப்போது வளர்ந்து வெளியூர் போய்விட்ட தங்கள் பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது பால் பாட்டிலைக் கொதிக்க வைத்த அதே பாத்திரத்தில் தாடியைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு, பெருமையாக ஒரு தட்டில் எடுத்து வைத்தான்.

தட்டில் இருந்தது வளைந்து நெளிந்து கிடந்தது. எந்தப் பல்லுக்கும் பொருந்தவில்லை. சூடு ஆகாது, ஆறிய தண்ணீரும் பிரஷ்ஷும்தான் என்று கரோலின் சொன்னபோது நார்மன் வெளியே பைக்குக்கு இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னைத் திட்டு" என்றான் ஜான்சியிடம்.

"திட்டுனா நேராயிருமா?" என்றாள் அவள். நெளிந்த தாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டில் கொதிக்க வச்ச மனுசன் இன்னும் கொதிக்க வைக்காரு, அதுக்கு யாரத் திட்ட?" என்று சிரிக்கவும் செய்தாள். சிரித்தாளே தவிர உள்ளுக்குள் இடிந்துதான் போயிருந்தாள். மறுபடி அளவெடுத்து, மறுபடி செய்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பிறகுதான் பரிசோதனை. அதற்குள் பள்ளி திறந்துவிடும்.

எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறாயே, கொஞ்ச நாள் தாடி இல்லாமல் ஓட்டினால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது. மாமியார்கூட, "கர்த்தர் பாத்துக்கிடுவாரு, வேனை எடு" என்றார். திரும்பி வரத் தயாராக இருந்த மூன்று குடும்பங்களையும் இழந்தால் மறுபடி தொடங்கவே முடியாமல் போகலாம் என்பது ஜான்சிக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு வேன் ஓட்டுவது வெறும் சம்பாத்தியம் இல்லை. தெருவில் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது அதுதான். இரண்டு நாளுக்குள்ளேயே அவளுக்குத் தலை மறுபடி கனக்கத் தொடங்கியது. மூன்று வீட்டுக்கும் போன் செய்து, இன்னும் ஆகவில்லை, காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பள்ளி திறந்த அன்று மழையில் ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிற மற்ற வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மெச்ச வேண்டுமானால் இந்த நாளுக்காகத்தான் மெச்ச வேண்டும். போய்ச் சொன்னதுகூடப் பெரிதில்லை. ஒரு தடவை உண்மை பேச யாருக்கும் ரோஷம் வந்துவிடும். சாப்பாட்டுத் தட்டு எதிரே இருக்கும்போது இரண்டாம் தடவையும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம்.

புதுத் தாடி வந்தது. நார்மன் அதைக் கண்டால் இரண்டடி தள்ளி நின்றான். பரிசோதனையில், மூச்சு நிற்பது அநேகமாக இல்லை என்று வந்தது. டாக்டர், இனி ஓட்டலாம், தாடியை ஒரு நாளும் விடக் கூடாது, உடம்பைக் குறைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும் என்றார். ஜான்சி மறுபடி பாணேரில் வீடு வீடாக ஏறினாள். போன தடவை தன் குறையைச் சொல்லக் கூசாத வாய், இந்தத் தடவை சரியாகிவிட்டது என்று சொல்லத் தயங்கியது. மூன்று குடும்பங்களில் இரண்டு காத்திருந்தன. காத்திருக்க வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் காத்திருந்தன.

வைஷுவின் கதவைத் தட்டலாமா என்று அவள் வெகுநேரம் லிப்ட் பக்கத்தில் நின்றாள். பிறகு தட்டினாள். வைஷு இளைத்திருந்தாள். முழுக்கக் கேட்டாள். இப்போது வருகிற வேன்காரர் பிள்ளைகளை அடைத்து ஏற்றுகிறார், பிரணவ் தினமும் அழுகிறான் என்று மட்டும் சொன்னாள். பிறகு, "எனக்கு உங்க மேல கோபம் போகல" என்றாள்.

"போகாண்டாம் மேடம். கோபத்தோடயே அனுப்புங்க."

வைஷு யோசித்தாள். "முதல் வாரம் நானும் வேன்ல வருவேன். முன்சீட்டுல உக்காருவேன். உங்களையே பார்த்துக்கிட்டு வருவேன். பரவாயில்லையா?"

"வாங்க" என்றாள் ஜான்சி.

திங்கட்கிழமை காலை வைஷு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளிடமும் பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், சட்டம் எல்லோருக்கும் பொது. உரக்கச் சொன்னாள். வழி நெடுக அவள் கண் ரோட்டில் இல்லை, ஜான்சியின் இமையில் இருந்தது. ஜான்சிக்கு அது உறுத்தியது. ஆனாலும் தன்னை அவள் இடத்தில் வைத்துப் பார்த்தால் தானும் இப்படித்தான் பார்ப்போம் என்று நினைத்து ஓட்டினாள். செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை நல்ல மழை. வைஷுவுக்கு முந்தின இரவு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங், முடிந்தபோது விடியக் கொஞ்ச நேரமே இருந்ததாம். ஏறும்போதே முகம் வெளுத்திருந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. பாணேர் ரோட்டு நெரிசலில் வேன் ஊர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் பிள்ளைகளின் சத்தம் குறைந்தது. ஜான்சி திரும்பிப் பார்த்தாள். வைஷுவின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. காவலுக்கு வந்தவள் தூங்கிப் போயிருந்தாள். பிரணவ் சீட்டிலிருந்து எழுந்து, "மாவுஷி, அம்மாவ எழுப்பவா?" என்று கேட்டான். வேண்டாம் என்று ஜான்சி தலையை ஆட்டினாள். ஹாரன் அடிக்கவில்லை, பள்ளம் வந்த இடமெல்லாம் வேனை இறக்கி ஏற்றாமல் நகர்த்திக்கொண்டு போனாள். கண் நிறைந்து ரோடு கலங்கியபோது புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பள்ளி வாசலில் வேன் நின்றதும் வைஷு திடுக்கிட்டு விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. "ஸாரி மாவுஷி, எப்படித் தூங்கினேன்னே தெரியல" என்றாள். அவள் ஜான்சியை மாவுஷி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும், திரும்பிப் போகும்போதும் தூங்குங்கம்மா" என்றாள் ஜான்சி. "நான் முழிச்சிட்டுத்தான இருக்கேன்."